விறகுக் கட்டும் வசைச் சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தன்பாலீர்ப்பு ஆண்களை ஏச ஆங்கிலத்தில் வழங்கும் 'ஃபேகட்' என்ற சொல்லுக்கு, "அந்தக் காலத்தில் அவர்களை விறகு அடுக்கி எரித்தார்கள், அதனால் வந்த பெயர்" என்ற விளக்கம் தமிழிலும் பரவிவிட்டது. பத்திரிகையில் அச்சேற்றுமுன் தேதிகளைப் பார்ப்பது நல்லது.

மூலப் பொருள் விறகுக் கட்டுதான். பழைய பிரெஞ்சிலிருந்து 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. சமயத் துரோகிகளை எரிக்க அந்தக் கட்டுகளை அடுக்கியதும் மெய். ஆனால் ஆண்களுக்கிடையிலான உறவுக்கு இங்கிலாந்தின் 1533ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது தூக்கு. கடைசியாக 1835இல் லண்டனில் இருவரைத் தூக்கிலிட்டார்கள். பாரிஸில் 1750இல் இருவரை எரித்தார்களே என்பார்கள். சரி, எரித்தார்கள். ஆனால் இந்தச் சொல் ஆண்களுக்கான வசையாக அச்சில் முதலில் அகப்படுவது 1914இல், அமெரிக்காவின் போர்ட்லந்தில் வெளியான குற்றவாளிகளின் கொச்சைமொழி அகராதி ஒன்றில். அங்குள்ள எடுத்துக்காட்டு வாக்கியம் நடன விருந்துக்குப் பெண்ணுடையில் வரும் ஆண்களைப் பற்றியது. நெருப்பின் வாடையே இல்லை.

வலுவான விளக்கம் வேறு. 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பெண்களை, அதிலும் வயதானவர்களை, இச்சொல்லால் திட்டியிருக்கிறார்கள். பெண்ணுக்கான ஏச்சு, 'பெண்மாதிரி' இருப்பதாகச் சொல்லப்பட்ட ஆண்மேல் ஏறியது. நம் 'பொட்டை'யும் அப்படித்தானே! பொட்டைக் கோழி என்றால் வெறும் பெடை. ஆண்பிள்ளையைப் பார்த்துச் சொன்னால் அடிதடி.

ஆங்கிலேய விடுதிப் பள்ளிகளில் மூத்த மாணவர்களுக்கு எடுபிடி செய்த 'ஃபேக்' பையன்களிடமிருந்து வந்தது என்பது பலவீனமான வாதம். வசை பிறந்தது அமெரிக்காவில். சின்னப் பறவை என்று பொருள்படும், ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷின் 'ஃபைகெலே' துணைக்கு நின்றிருக்கலாம், ஆனால் கடைசி 'ட்' எங்கிருந்து வந்தது என்பதற்கு அதில் விடையில்லை.

சொல்லின் பிறப்பைத் தேடுபவர் முதலில் அச்சில் கிடைக்கும் ஆண்டையும் ஊரையும் பார்க்க வேண்டும். அடுத்து, பொருள் படிப்படியாக மாறிய தடம். ஒலி ஒற்றுமை கடைசியில். நாம் தலைகீழாகச் செய்கிறோம். அப்படிப் போனால் பினாங்குப் பள்ளித் திடல்களில் 'பெண்மாதிரி' இருக்கும் பையனை ஏசும் மலாய்ச் சொல் 'பொண்டான்' நம் 'பொண்டாட்டி'க்குச் சொந்தம் என்றும் முடிச்சுப் போட்டுவிடலாம்.

இன்னொன்று: பிரிட்டிஷ் எழுத்தில் 'ஃபேக்' (அமெரிக்காவில் இந்த வசையின் சுருக்கம்) வந்தால் உடனே வசையென்று மொழிபெயர்க்க வேண்டாம். பெரும்பாலும் அது சிகரெட். 'ஃபேகட்' என்று உணவுப் பட்டியலில் இருந்தால் ஈரல் கலந்த இறைச்சி உருண்டை.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர்கள் சிலர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு