நிறை குறைப்புப் போட்டி நடத்தும் சங்கத்தாருக்கு ஒரு மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம். போன தடவை நடந்த போட்டியைப் பற்றி நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. தராசும் உங்களுடையது, மேடையும் உங்களுடையது. இரண்டாம் சுற்றுக்கான நோட்டீசைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். விதி ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. ஒரு மாதத்தில் அதிக கிலோ குறைப்பவருக்கு முதல் பரிசு.

போன தடவை இரண்டாம் பரிசு வாங்கியவர் என் மாமி. ஒன்பது கிலோ. பரிசு ரைஸ் குக்கர். சோற்றை விட்டவருக்குச் சோறு சமைக்கும் சட்டி கொடுத்ததை எங்கள் ஒழுங்கையில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அது கிடக்கட்டும்.

மாமிக்கு அறுபது வயது ஆகப்போகிறது. அந்த மாதம் முழுவதும் காலையில் பிளேன்ரீ, மத்தியானம் வெள்ளரிக்காயும் இலைக்கஞ்சியும், இரவில் வெறும் தண்ணீர். மீனிலும் கொழுப்பு என்று யாரோ சொன்னார்களாம், அதையும் ஒதுக்கிவிட்டார். திருகோணமலையில் இருந்துகொண்டு மீனைத் தொடாமல் ஒரு மாதம்! மேடையில் நீங்கள் அவருடைய மன உறுதியைப் பாராட்டினீர்கள், நாங்களும் கை தட்டினோம்.

இப்போது அவரால் நிலத்தில் இருந்து எழும்ப ஏலாது. ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மறு கையால் கதிரையைப் பிடித்து, இரண்டு தரம் முயன்று, மூன்றாவது தரம் என்னைக் கூப்பிடுவார். தேங்காய் துருவ நிலத்தில் இருப்பதை விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் பத்திரகாளி அம்மன் கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் எழும்பிப் போன பிறகும் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருப்பார். மாமிக்குப் பக்தி கூடிவிட்டது என்றார் பக்கத்து வீட்டு அக்கா. தான் எழும்பப் படும் பாட்டை நாலு பேர் பார்க்கக் கூடாது என்று கூட்டம் கலையக் காத்திருக்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும். கோணேசர் கோயில் ஏற்றத்தில் என்னை முந்தி நடந்த மனுஷி, இப்போது கோட்டை வாசலிலேயே ஆட்டோ பிடிக்கச் சொல்கிறார்.

நிறை குறைந்தது உண்மைதான். எது குறைந்தது என்று உங்களில் ஒருவராவது பார்த்தீர்களா?

ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஒன்பது கிலோவும் கொழுப்புத்தான் என்றால் மாதம் முழுவதும் நாளுக்கு 2,300 கலோரி. மாமியின் வயதில் வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணின் உடம்பு நாள் முழுக்கச் செலவழிப்பதே அவ்வளவு வராது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாலும் கணக்கு உதைக்கும். ஆக, உங்கள் தராசு காட்டியதில் ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு தசை. புரதமும் இல்லை, தசைக்கு வேலையும் இல்லை என்றால் குறையும் நிறையில் கால்வாசி வரை தசையாகப் போவது சாதாரணம். வயது கூடக்கூட அதைத் திருப்பிக் கட்டுவது கடினம். அப்புறம் நிறை திரும்பி ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பாகத்தான் ஏறும்.

நம்மவர்களுக்கு இது இரட்டிப்பு நட்டம். ஒரே நிறையுள்ள ஐரோப்பியரைவிடத் தெற்காசியருக்குத் தசை குறைவு, வயிற்றைச் சுற்றிய கொழுப்பு கூட. சாப்பாட்டில் இருந்து இரத்தத்துக்கு வரும் சீனியில் பெரும் பங்கை வாங்கிக்கொள்வது தசை. சீனி வருத்தம் இல்லாத வீடு குறைந்துபோன ஊரில், தசையைக் கரைப்பவருக்குப் பரிசு கொடுக்கிறீர்கள்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். கிலோவுக்குப் பரிசு கொடுக்காதீர்கள். இடுப்புச் சுற்றளவையும் உடம்பின் பலத்தையும் அளந்து கொடுங்கள்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. தையல்காரரின் அளவு நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றி அளக்க வேண்டும். நம் மக்களில் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90, அதற்கு மேல் போனால்தான் கவலை. பலத்துக்கு ஒரு கதிரை போதும். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஐந்து தரம் எழும்பி உட்காரச் சொல்லுங்கள். 12 செக்கனுக்குள் முடிக்காதவருக்குத் தசை வலு குறைந்திருக்கலாம் என்பது ஆசிய மருத்துவ நிபுணர்கள் 2019இல் வைத்த எல்லை. தொடக்கத்தில் எடுத்த நேரத்தைவிட முடிவில் கூட எடுத்தவருக்கு, எத்தனை கிலோ குறைத்திருந்தாலும், பரிசு இல்லை என்று ஒரு வரி போடுங்கள். கிழமைக்கு அரை முதல் ஒரு கிலோ என்பதுதான் பாதுகாப்பான வேகம். அதைவிட வேகமாகக் குறைப்பதை வெற்றியாக எடுக்க வேண்டாம். ஒரு மாதத்தை மூன்று மாதமாக்குங்கள்.

விண்ணப்பத்தோடு ஒரு தாள் கொடுத்தாலும் நல்லது. நிறை குறைக்கும் காலத்தில் உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 கிராம் புரதமாவது வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு 72 கிராம். இதற்கு டப்பாவில் விற்கும் புரத மா எதற்கு? நூறு கிராம் சூரை மீனில் 20 கிராமுக்கு மேல் இருக்கிறது, ஒரு முட்டையில் 6. பருப்பு, கௌபி, கடலை, தயிர் எல்லாம் நம் குசினியில் உள்ளவைதான். காலையில் இடியப்பமும் சொதியும் மட்டும் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் எல்லாவற்றையும் சேர்த்துத் தின்னாமல், மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடச் சொல்லுங்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. நம் மாவட்டத்தில் பதவிசிறிபுர பக்கம் அந்த வருத்தம் இருப்பது உங்களுக்கே தெரியும். சீனி வருத்தத்துக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்க முன் கட்டாயம் கிளினிக்கில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சீனி சட்டென்று இறங்கிவிடலாம். கிழமைக்கு இரண்டு நாளாவது தசைக்கு வேலை வேண்டும். கதிரையில் இருந்து எழும்பி உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர்ப் போத்தலைத் தூக்குவது எல்லாம் போதும். நடை நல்லது, ஆனால் நடை மட்டும் தசையைக் காப்பாற்றாது.

இவ்வளவையும் உங்கள் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை என்றும் தெரியும். ஏழு நாளில் தொப்பை கரையும் என்று தேயிலை விற்கிறவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அறுபது வயதுப் பெண் பாரம் தூக்கப் பழக வேண்டும் என்றால் எந்த ஜிம்முக்குப் போவார்? அங்கே இருக்கும் பெடியன்கள் கண்ணாடியில் கையைப் பார்த்து முடிக்கவே இரவாகிவிடும். கலியாண வீடுகளில் "மெலிஞ்சிட்டீங்க, வடிவா இருக்கிறீங்க" என்று எங்கள் சனமே மாமியைப் பாராட்டுகிறது. எழும்பி நிற்கக் கை கொடுக்க மட்டும் ஆள் இல்லை.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். உங்கள் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஊரில் நாலு பேரை அசைய வைத்ததே பெரிய காரியம். அதனால்தான் போட்டியை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. கிலோவுக்குப் பரிசு வேண்டாம், இடுப்பையும் பலத்தையும் அளந்து பாருங்கள் என்றுதான் தயவாகக் கேட்கிறேன்.

விண்ணப்பம் முடியும் நாளுக்கு முன் புதிய விதியை நோட்டீஸ் பலகையில் போடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். அளக்க ஆள் போதாவிட்டால் நானும் இரண்டு தோழிகளும் நாடாவோடு வருகிறோம். கதிரையை மட்டும் நீங்கள் பாருங்கள், கைப்பிடி இல்லாத, ஆடாத கதிரையாக.

இப்படிக்கு,
இரண்டாம் பரிசு பெற்றவரின் மருமகள்,
மனையாவெளி, திருகோணமலை