அகராதிக் குழுவுக்கு: ‘கவுண்டர்ஆக்ட்’ எதிர்வினை அல்ல

மதிப்புக்குரிய ஆங்கிலம்–தமிழ் அகராதிக் குழுவினருக்கு,

வணக்கம். ‘கவுண்டர்ஆக்ட்’ (counteract) என்ற ஆங்கில வினைச்சொல் பற்றி நான் எழுதும் மூன்றாவது மடல் இது. முதல் இரண்டுக்கும் ‘கிடைத்தது, நன்றி’ என்று பதில் வந்தது. புதிய பதிப்பும் வந்தது. பொருள் மட்டும் ‘எதிர்ச்செயலாற்று, எதிர்வினை புரி’ என்று அசையாமல் நிற்கிறது.

போன மாதம் நலோக்சோன் ஊசி பற்றிய மருந்துக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கினேன். மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்து அளவுமீறி மூச்சு அடங்கும்போது போடுவது அது. அவசரத்தில் உங்களை நம்பி, ‘நலோக்சோன் ஓபியாய்டுக்கு எதிர்வினை புரியும்’ என்று எழுதிவிட்டேன். சரிபார்த்த பெண்மணி கேட்டார்: “அப்போ ரெண்டும் சேர்ந்தா ஆகாது, போடக் கூடாதுன்னு அர்த்தமா?” உயிர் காக்கும் ஊசி என் ஒரு வரியால் போடக் கூடாத ஊசியாகிவிட்டது. நல்லவேளை, அச்சுக்குப் போகவில்லை.

நீங்கள் சொல்லைப் பிளந்து பொருள் சொல்லியிருக்கிறீர்கள். ‘கவுண்டர்’ லத்தீன் ‘கான்ட்ரா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது: எதிராக. ‘ஆக்ட்’டின் வேரும் லத்தீன்தான்: செய். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. பிறப்பு சரி, புழக்கம்? ஒன்றால் வந்த விளைவை இன்னொன்று குறைப்பதற்கோ இல்லாமல் செய்வதற்கோதான் அந்தச் சொல். ஓபியாய்டு உட்கார்ந்திருக்கும் ஏற்பியில், அதாவது செல்லில் மருந்து ஒட்டும் இடத்தில், நலோக்சோன் இடம் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஓபியாய்டு உடம்பிலேயே இருக்கிறது. 30 முதல் 90 நிமிடத்தில் நலோக்சோனின் வேகம் தணிந்ததும் மூச்சு மறுபடி அடங்கலாம். முறிவது விளைவுதான், மருந்து அல்ல. ‘எதிர்வினை’யை ‘ரியாக்ட்’டுக்கு விட்டுவிடுங்கள்.

தமிழில் சொல்லா இல்லை? பத்தியம் தவறினால் மருந்து முறிந்துவிடும் என்கிறோம். நஞ்சுமுறிவு என்கிறோம். இழப்பை ஈடுகட்டுகிறோம். பேசுகிறவர் வாயில் இருக்கும் சொல் அகராதிக்குள் நுழையக் கூடாது என்று ஏதாவது விதி இருக்கிறதா? ‘செல்ஃபி’க்குத் தனித்தமிழ் தேடக் கூட்டம் போடுகிறவர்களுக்கு இதற்கு ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை போலும்.

மன்னிக்கவும், கேட்க வந்தது வேறு. ‘எதிர்வினை புரி’யை எடுத்துவிட்டு, ‘விளைவை முறி’, ‘ஈடுகட்டு’ இரண்டையும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு தயவுசெய்து சேருங்கள். வாக்கியம் வேண்டுமென்றால் நான் திருத்தி எழுதியது இதோ: ‘நலோக்சோன் ஓபியாய்டின் விளைவை முறிக்கும், மூச்சு சீரானாலும் நோயாளியைத் தனியே விடாதீர்கள்.’ தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மருந்துக் குறிப்பு மொழிபெயர்க்கும் ஒருவர்