கியூ தோட்டமும் கோலகங்சார் பால்மரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அண்மையில் பாரிஸையும் லண்டனையும் முதன்முறையாகக் கண்டு திரும்பினேன். பாரிஸின் அகன்ற வீதிகளும் ஆற்றுப் பாலங்களும் அழகுதான். ஆயினும், பால்மரம் எனும் ரப்பர் மரம் சீவி வளர்த்த பெற்றோரின் பிள்ளையான என்னை நெகிழ வைத்தது லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவே. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுவந்த ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகள் அங்கேதான் விதைக்கப்பட்டன. அவ்வழியே 1877இல் சிங்கப்பூரை அடைந்த 22 கன்றுகளில் 9 மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் எஞ்சிய ஒரு மரம், எங்கள் ஊருக்கு அருகிலேயே, இன்றும் நிற்கிறது. நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அதைப் பார்த்ததில்லை என்பது என்னை வருத்துகிறது. தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இவ்வாண்டே அவர்களை அங்கு அழைத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர், சுங்கை சிப்புட்