ஷாலே வுட்டில் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் பக்கத்து ஃபோட்டோகிராபர் தம்பிகளுக்கும், ஏப்ரல் கடைசியில் அவர்களைக் கூட்டிக்கொண்டு வான்ஸ்டெட் பார்க்குக்குக் கிளம்பும் குடும்பங்களுக்கும்,

வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நானும் செய்தவன்தான். மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, அந்தப் பார்க்குக்குள் இருக்கும் ஷாலே வுட் காட்டில், தரையெல்லாம் நீலமாகப் பூக்கும் புளூபெல் பூக்களுக்கு நடுவே உட்கார வைத்து எடுத்த படம் இன்னும் எங்கள் ஹாலில் தொங்குகிறது. அவள் எழுந்த இடத்தை யாரும் படம் எடுக்கவில்லை. இலையெல்லாம் நசுங்கித் தரையோடு கிடந்தது, பாவாடைக் கரையில் பிசுபிசுவென்று பசை. (அந்தப் பசையை வைத்துத்தான் ஒரு காலத்தில் அம்புக்கு இறகு ஒட்டினார்களாம்.)

பூவைப் பறிக்கவில்லையே என்பீர்கள். பூ போனால்கூடப் பரவாயில்லை, இலை போனால்தான் வம்பு. மண்ணுக்குள் இருப்பது சின்ன வெங்காயம் மாதிரி ஒரு கிழங்கு. மரங்கள் முழுசாகத் துளிர்த்து வெயிலை மறைப்பதற்குள், கிடைக்கிற சில வாரத்தில் அந்த இலைதான் அடுத்த வருஷத்துச் சாப்பாட்டைச் சமைத்துக் கிழங்குக்குள் சேர்க்க வேண்டும். இலை மிதிபட்டால் கிழங்கு பட்டினி, அந்த இடம் தேற வருஷக்கணக்காகும். சரி, புதுசாக முளைக்கட்டுமே என்றால், விதை விழுந்து பூக்கவே ஐந்து வருஷமாவது வேண்டும். நர்சரிப் பிள்ளை ஜூனியர் ஸ்கூலுக்குப் போய்விடும்.

அப்புறம், போன வருஷம் ஒருவர் கிழங்கையே தோண்டிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் தோண்டுவது பிரிட்டனின் 1981 வனவுயிர்ச் சட்டப்படி குற்றம், காட்டில் தோண்டியதை விற்க 1998 முதல் தடை. தோட்டத்துக்கு ஆசை என்றால் கடையில் கேட்டு வாங்குங்கள், ஸ்பானிஷ் வகை மட்டும் வேண்டாம். அது விறைப்பாக நிற்கும், வாசமே இருக்காது, ஒரு பக்கமாகத் தலை சாய்த்து மணக்கும் நம்ம ஊர்ப் பூவோடு (ஆமாம், இதுவும் நம்ம ஊர்தானே இப்போது) கலந்து அதைக் கெடுத்துவிடும்.

தம்பிகளா, பாதையின் இரண்டு பக்கமும் தன்னார்வலர்கள் மரக்கட்டைகளை வரிசையாகப் போட்டு வைத்திருப்பது உட்கார்ந்து போஸ் கொடுக்க இல்லை. வாசலில் கோலம் கிடந்தால் சுற்றித்தானே போகிறோம்? பாதையிலேயே ஆளை நிறுத்துங்கள், நீங்கள் மண்டியிட்டு, 135 மி.மீ. லென்ஸைப் பூ உயரத்துக்கு இறக்கி எடுங்கள். முன்னாலும் பின்னாலும் நீலம் மங்கலாகப் பரவி, பூவுக்குள்ளேயே நிற்பது மாதிரிதான் விழும். நான் எடுத்துப் பார்த்துவிட்டேன், ஹாலில் இருப்பதைவிட நன்றாகவே வந்தது.

இந்த ஏப்ரலிலும் மகளோடு வருவேன். கட்டைக்கு அந்தப் பக்கம் யாரைப் பார்த்தாலும் சத்தம் போடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.