ஊசிப் பெட்டியைத் திறக்குமுன்

கடலூர் மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். நெல்லிக்குப்பம் சுற்றுவட்டாரத்தில் புதன்கிழமைதோறும் தடுப்பூசி போட்டு ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் நான். எத்தனையோ ஆண் குழந்தைகளின் தொடையில் ஊசி போட்டிருக்கிறேன். நாலு விரல் தள்ளியிருக்கும் விதைப்பையைத் தொட்டுப் பார்த்ததில்லை.

எல்லாத் தவணையும் என்னிடமே போட்டுக்கொண்ட ஒரு பையனுக்கு ஐந்து வயதில் வலது தொடையிடுக்கில் வீக்கம் வந்தது. குடலிறக்கம் என்றார்கள். இடப்பக்கப் பை வெறுமையாக இருந்தது அப்போதுதான் தெரிந்தது. இடது விதை காணவில்லை என்று ஸ்கேன் முடிவு வந்தது. மடித்து மடித்து நைந்துபோன அந்தத் தாளோடு அவன் அம்மா என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அறுவை செய்தபோது பார்த்தால், இரண்டு விதைகளும் வலப்பக்கமே இருந்தன! இடது விதை வழி மாறி அங்கே போயிருக்கிறது.

இது அபூர்வம். வயிற்றிலிருந்து விதைப்பைக்கு இறங்காத விதை அபூர்வமில்லை. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் 100க்கு ஏறக்குறைய 3 பேருக்கு உண்டு. குறைமாதக் குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். பலருக்குச் சில மாதங்களில் இறங்கிவிடும். 6 மாதம் கடந்தால் தானாக இறங்குவது அரிது. ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் பிற்காலத்தில் குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம், புற்றுநோய் அபாயமும் கூடும். "அவன் மாமாவுக்கும் இப்படித்தான், வளர வளர இறங்கிவிட்டது" என்று பாட்டிமார் சொல்வார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

குழந்தைகளைப் பரிசோதிக்க மத்திய அரசு 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தின் பிறவிக்குறைப் பட்டியலில் உதடு பிளவு உண்டு, வளைபாதம் உண்டு, இது இல்லை. அது தில்லி விவகாரம். புதன்கிழமை உங்கள் கையில் இருக்கிறது. 14 வாரத் தவணையிலும் 9 மாதத் தவணையிலும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அரை நிமிடம் போதும். ஆனால் ஐஸ் வைத்த ஊசிப் பெட்டியைத் திறக்குமுன் பார்க்க வேண்டும். ஐஸ் தொட்ட கை பட்டால் இறங்கிய விதையும் மேலே ஏறிக்கொள்ளும். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, தாய் மடியில் குழந்தையின் கால்களை விரித்து, தொடையிடுக்கிலிருந்து கீழ்நோக்கி வருடினால் கைக்குத் தட்டும்.

பிறந்த குழந்தைக்கு இரண்டு பக்கமும் தட்டாவிட்டால் தவணை வரை காத்திருக்கக் கூடாது. ஆண் போலத் தெரிந்தாலும் அது அட்ரீனல் சுரப்பிக் கோளாறுள்ள பெண் குழந்தையாக இருக்கலாம். முதல் சில வாரங்களிலேயே உடலில் உப்புச்சத்து இறங்கி உயிருக்கு ஆபத்தாகிவிடும். அன்றைக்கே அனுப்ப வேண்டும்.

மற்றவர்களும் ஸ்கேனுக்குப் பணம் கட்டுமுன் குழந்தை அறுவை மருத்துவரிடம் போகட்டும். புதுச்சேரி ஜிப்மர் ஒரு பஸ் தூரம்தான். கைக்குத் தட்டாத விதையை ஸ்கேனை நம்பித் தேட முடியாது. உள்நோக்கிக் கருவியை வயிற்றுக்குள் விட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

செவிலியர்களுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். புதன்கிழமைகளில் இப்போது எனக்கு வேலை ஏதும் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்