பழமொழிகளைத் தொகுத்தால் போதுமா? எத்தியோப்பியாவில் பணியாற்றும் தமிழரான பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு, வணக்கம்.

நாளை எத்தியோப்பியப் பள்ளிகளில் பாடம் நடத்தப் போகிறவர்கள் இன்று உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் யாராவது அந்நாட்டு மொழியான அமாரிக்கின் பழமொழிகளில் மாற்றுத்திறனாளிகள் சித்திரிக்கப்படும் விதத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு உங்களிடம் வரலாம். அப்படி வரும் மாணவருக்காகவே இந்த மடல்.

‘காது கேட்ட நாளில் செவிடனுக்குப் பைத்தியம் பிடிக்கும்’ என்பது அங்கே பலரும் சொல்லும் பழமொழி. ‘பைத்தியம் தெளிந்தாலும் நண்பகல் வரைதான்’ என்பது இன்னொன்று. முதலாவதைச் சொல்பவர் காது கேளாதவரை நினைத்துச் சொல்வதில்லை. புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டு தலைகால் புரியாமல் ஆடுபவனைக் கேலி செய்கிறார். ஆனால் அதில் வரும் ‘தென்கோரோ’ என்ற சொல் காது கேளாதவனையும் குறிக்கும், அறிவிலியையும் குறிக்கும். வகுப்பில் காது கேளாத பிள்ளை ஒன்று இருந்தால், கேலி யார் மீது போய் விழும்?

‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அதனாலேயே இவை நம்மை உறுத்தாமல் போகலாம். ‘எங்கள் ஊரிலும் இப்படி உண்டு’ என்று சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம்.

பழமொழிகளை நல்லவை, கெட்டவை என்று பிரித்து, அட்டவணை போட்டு, ‘விழிப்புணர்வு தேவை’ என்று முடித்தால் பட்டம் கிடைத்துவிடும். ஆனால் அது போதாது. இப்பழமொழிகளைப் பாடநூலிலிருந்து நீக்கச் சொல்வதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. காப்பி வறுத்துக் காய்ச்சி ஊரே கூடிக் குடிக்கும் வீட்டில் அதே பழமொழி பிள்ளையின் காதில் விழத்தான் போகிறது. எடுத்துப்போட்டுப் பேசக்கூடிய ஒரே இடம் வகுப்பறை. அங்கிருந்தும் அதைத் துரத்திவிட்டு என்ன செய்வது?

பழமொழியை மறுக்கும் சான்றுக்கு அந்த நாட்டை விட்டு வெளியே போகவேண்டியதில்லை. எத்தியோப்பியத் திருச்சபைப் பள்ளிகளில் மனப்பாடமே கல்வியின் முதுகெலும்பு. சிலேடை நிறைந்த ‘கெனே’ கவிதையை வாய்வழியாகவே கற்பிக்கும் அந்த மரபில் பார்வையற்றவர்களும் கற்றுத் தேர்ந்து ஆசிரியர்களாகியிருக்கிறார்கள். நம் காலத்தில் யெத்னெபெர்ஷ் நிகுசி என்ற எத்தியோப்பியப் பெண் இருக்கிறார். ஐந்து வயதில் பார்வை போயிற்று. சிறுவயதிலேயே பெண்களுக்கு மணமுடிக்கும் ஊரில், இவளை யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று ஆனதால்தான் பள்ளிக்குப் போக முடிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். சட்டம் படித்து, மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக உழைத்து, 2017ஆம் ஆண்டு ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது பெற்றார். ஊர் போட்ட கணக்கு எவ்வளவு தப்பு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை எத்தியோப்பியா 2010இல் ஏற்றுக்கொண்டது. கல்வியின் எல்லா நிலைகளிலும், சிறு வயதிலிருந்தே, மாற்றுத்திறனாளிகளை மதிக்கும் மனப்பான்மையை வளர்க்கவேண்டும் என்கிறது அதன் 8ஆம் பிரிவு. அதை வகுப்பில் நடத்திக்காட்ட வேண்டியவர்கள் உங்கள் மாணவர்கள்.

எனவே, ஆய்வு மாணவர் தலைப்போடு வரும்போது இரண்டு வேலைகளைக் கூடுதலாகக் கொடுங்கள். பழமொழிகள் யாரைப் பற்றியனவோ அவர்களிடமே போய், காது கேளாதவரானால் சைகைமொழி தெரிந்தவரோடு போய், அவற்றைக் காட்டிக் கருத்துக் கேட்கச் சொல்லுங்கள். பிறகு அதே பழமொழியை வைத்து ஐந்தாம் வகுப்புக்கு ஒரு பாடம் எழுதி, நடத்தியும் பார்க்கட்டும். நடத்திய பாடம் சொதப்பினாலும் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியர்