விளக்கு ஆடியதற்கும் கடல் வந்ததற்கும் நடுவே நான்கு மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு மாணவர் பக்கத்தில் வந்த அலைகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர், நீரில் 1,500 மீட்டர், இரும்பில் 5,000 மீட்டருக்கு மேல் என்று அட்டவணை கொடுத்திருந்தீர்கள். கணக்கு சரிதான். ஆனால் பினாங்குப் பிள்ளைகளுக்குப் பாடத்தை அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை. அப்போது நாங்கள் ஜெலுத்தோங்கில் பதினான்காவது மாடியில் குடியிருந்தோம். காலை ஒன்பது மணி இருக்கும். சாமி மேடைக்கு முன்னால் சங்கிலியில் தொங்கிய தூக்குவிளக்கு ஆட ஆரம்பித்தது. காற்றுக்கு ஆடுகிற ஆட்டமாகத் தெரியவில்லை. மெதுவாக, ஊஞ்சல் மாதிரி போய் வந்தது. எண்ணெய் ஒரு பக்கமாக வழிந்து தரையில் சொட்டியது. என் வீட்டுக்காரர் தமக்குத்தான் தலை சுற்றுகிறது என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். படியில் இறங்கி ஓடினோம். கீழே கார் நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் நின்றுவிட்டு, அப்புறம் மேலே வந்து சமையலைப் பார்த்தோம்.

பன்னிரண்டு மணிக்குச் சென்னையிலிருந்து வீட்டுக்காரரின் அத்தை மகன் தொலைபேசியில் அழைத்தார். நாகப்பட்டினத்தில் கடல் ஊருக்குள் வந்துவிட்டதாம். எங்கள் சொந்தங்கள் பாதிப் பேர் அங்கேதான். தைப்பிங்கிலிருந்து வந்திருந்த கொழுந்தனார் பிள்ளைகள் மதியம் பத்து பெரிங்கி கடற்கரைக்குக் குளிக்கப் போவதாக இருந்தார்கள். புளிச்சோறு கட்டி வைத்திருந்தேன். நாகையை நினைத்து மனசு சரியில்லாததால் யாரும் கிளம்பவில்லை. எங்கள் கடலும் வரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு மணிக்கு மேல் அது வந்தது. பினாங்கில் மட்டும் ஐம்பது பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

நான் இருபது ஆண்டுகளாக அறிவியல் கற்பித்தவள். நிலம் ஆடியதும் தெரியும், நாகைச் செய்தியும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

வடசுமத்ராவின் மேற்குக் கடலில் அந்த நிலநடுக்கம் தொடங்கிய இடம் எங்களுக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நாகைக்கோ ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். ஆனாலும் கடல் நாகையை அடைந்தபோது நம் கடிகாரத்தில் மணி சுமார் பதினொன்றரை. பக்கத்தில் இருந்த நமக்குத்தான் பிந்தி வந்தது. உங்கள் அட்டவணையை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை கணக்குப் போட்டால், நீரில் விநாடிக்கு 1,500 மீட்டர், ஆகவே ஆறு நிமிடத்தில் சுனாமி வந்திருக்கும் என்றுதான் விடை வரும். அது ஒலியின் வேகம். ஒலி நீரை அழுத்திக்கொண்டு போகிறது. சுனாமியில் அடித்தளம் முதல் மேற்பரப்பு வரை மொத்த நீரும் அசைகிறது, உயர்ந்த நீரைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. அதனால் அதன் வேகத்தை ஆழம்தான் தீர்மானிக்கும். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல், 50 மீட்டர் ஆழத்தில் 80 கிலோமீட்டர். நாகைக்கு ஆழமான வங்கக் கடல் வழி. நமக்குச் சுமத்ரா தீவு குறுக்கே நின்றது, அதைச் சுற்றிக்கொண்டு ஆழம் குறைந்த மலாக்கா நீரிணைக்குள் வர வேண்டியிருந்தது. பாறை வழியாக வந்த அதிர்வோ விநாடிக்குப் பல கிலோமீட்டர் ஓடி, இரண்டு மூன்று நிமிடத்தில் என் விளக்கை ஆட்டிவிட்டது.

ஆழம் குறைந்து முன்பகுதி மெதுவானதும் பின்னால் வருவது அதன்மேல் நெருக்குகிறது, அலை உயர்கிறது. நிலத்திலும் இதே கதைதான். கருங்கல்லில் வேகமாக ஓடி வரும் அதிர்வு கடலோரச் சேற்று மண்ணில் நுழைந்ததும் வேகம் குறைந்து ஆட்டம் பெருகும். பினாங்கு மலை கருங்கல். நாம் அடுக்குமாடிகளை அடுக்கியிருப்பது பெரும்பாலும் கடலோரத்திலும் கடலை மண்ணிட்டு மூடிய இடத்திலும். இதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வகுப்பில் காட்டுவது எளிது. நீளமான கேக் தட்டில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையைச் சற்றே தூக்கி விட்டால் அலை போய்ப் போய் வரும். பத்து விநாடியில் எத்தனை முறை என்று எண்ணுங்கள். பிறகு நான்கு சென்டிமீட்டர் ஊற்றி எண்ணினால் ஏறக்குறைய இரட்டிப்பாக இருக்கும். கையால் செய்து எண்ணிய பிள்ளை மறக்காது.

ஆடினால் சுனாமி வந்தே தீரும் என்று பயமுறுத்தவும் கூடாது. 2012 ஏப்ரல் 11இல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுக்கம் வந்தது. நிலம் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. 2004க்குப் பிறகு வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கை மையமும் வந்துவிட்டது. ஆட்டம் நின்றதும் எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வதந்தி அனுப்புவதை விட்டுவிட்டு அந்த அறிவிப்பைப் பார்க்கலாம். அது தெளிவாகும்வரை கடற்கரைப் பக்கம் போகாமல் இருக்கலாம்.

அந்தக் கட்டுரைக்கு இரண்டாம் பாகம் வெளியிடுங்கள். அதில் வங்கக் கடலின் ஆழ வரைபடமும், நாகைக்கும் நமக்கும் அலை வந்த நேரமும் இருக்கட்டும். தீவில் எந்தத் தமிழ்ப்பள்ளி கூப்பிட்டாலும் என் கேக் தட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஜெலுத்தோங், பினாங்கு